ஊருக்கு உலகப் போட்டி வந்தா உங்க வீட்டுக்கு என்ன வரும்? வெங்கன் முதல் மாமல்லபுரம் வரை ஒரு காசுக் கணக்கு



"ஈசிஆர் பக்கம் இன்டர்நேஷனல் போட்டியெல்லாம் நடக்குது. ஊர்ல இருக்குற ஒரு துண்டு நிலத்தை வித்துட்டு அங்க ஒரு பிளாட் போட்டா என்ன?" திருமானூர், அரியலூர் பக்கத்துல இருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருது. "கோவளத்துல ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விட்டா லோன் தானா அடைஞ்சிடும்"னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க.

இதுக்கு நேரா ஆமா, இல்லன்னு பதில் சொல்லிட்டு போயிடலாம். ஆனா ஒரு சின்ன ஊர் எப்படி உலகப் போட்டி நடத்துற ஊரா மாறுது, அப்படி மாறும்போது காசு யார் கைக்குப் போகுதுன்னு புரிஞ்சிக்கிட்டா, அடுத்த தடவை இப்படி ஒரு ஆசை வரும்போது கணக்கை நீங்களே போட்டுக்கலாம். அதனால முதல்ல கொஞ்சம் தூரமா சுவிட்சர்லாந்து போயிட்டு, அங்க இருந்து கோவளம், மாமல்லபுரம் வழியா நம்ம கொள்ளிடக் கரைக்கு வருவோம்.

1,300 பேர் இருக்குற ஊரு, உலகமே பாக்குற போட்டி

சுவிட்சர்லாந்துல ஆல்ப்ஸ் மலையில வெங்கன்னு ஒரு கிராமம். மக்கள் தொகை சுமார் 1,300. நம்ம ஊர்ல ஒரு பெரிய தெருவுல இருக்குற கூட்டம்தான். ஊருக்குள்ள கார் போக முடியாது, மலை ரயில்லதான் ஏறணும். ஆனா ஒவ்வொரு ஜனவரியும் அங்க நடக்குற லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டியை உலகம் முழுக்க டிவியில பாக்குறாங்க. சுமார் 4.4 கிலோமீட்டர் ஓட்டம். உலகக் கோப்பைத் தொடர்ல இருக்குற டவுன்ஹில் பாதைகள்லயே நீளமானது இதுதான். 2013-ல பிரான்ஸ் வீரர் யோஹான் கிளாரே இங்க மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்துல இறங்கினார்.

இது ஒரே நாள்ல வந்த பேர் இல்ல. வரிசையைப் பாருங்க:

- 1893: மலை ரயில் வந்துச்சு.
- அப்புறம் குளிர்காலத்துலயும் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க, முக்கியமா இங்கிலாந்துக்காரங்க. 1925-ல அவங்களே அங்க ஒரு பனிச்சறுக்கு கிளப் ஆரம்பிச்சாங்க.
- 1930: எர்ன்ஸ்ட் கெர்ட்ஷ்னு உள்ளூர்க்காரர் ஒருத்தர் போட்டியை ஆரம்பிச்சார்.
- 1967: உலகக் கோப்பைத் தொடர் தொடங்கினப்போ, லாபர்ஹார்ன் அதுல ஒரு பெரிய போட்டியா சேர்ந்துடுச்சு.

கவனிச்சீங்களா? முதல்ல வழி, அடுத்து விருந்தாளி, அடுத்து திறமை. போட்டி கடைசியாதான் வந்துச்சு. போட்டியால அந்த ஊர் வளந்துச்சுன்னு சொல்றதைவிட, வளந்துக்கிட்டிருந்த ஊருக்குப் போட்டி ஒரு விளம்பரப் பலகையா ஆச்சுன்னு சொல்றதுதான் சரி.

இன்னொரு விஷயம், இதுதான் நமக்கு முக்கியம். 90 வருஷ பாரம்பரியம் இருந்தும் 2020-ல, வருமானத்தைப் பங்கு போடுறதுல போட்டி நடத்துற குழுவுக்கும் சுவிஸ் பனிச்சறுக்கு சம்மேளனத்துக்கும் சண்டை வந்துச்சு. வருங்கால அட்டவணையில இருந்தே வெங்கனைத் தூக்குற அளவுக்குப் போயி, அப்புறம்தான் சமாதானம் ஆனாங்க. அடுத்த ஜனவரி, 2021-ல, கொரோனாவால போட்டி நடக்கவே இல்ல. அவ்வளவு பேர் வாங்கின ஊருக்கே ஒரு சீசன் சட்டுன்னு கைவிட்டுப் போச்சு.

அதே மாதிரி ஆஸ்திரியாவுல கிட்ஸ்பூயல்னு ஒரு ஊர். 1931-ல இருந்து ஹானன்காம் போட்டி நடக்குது. அந்த நாட்டுலயே வீடு, மனை விலை ரொம்ப அதிகமா இருக்குற இடங்கள்ல அது ஒண்ணு. ஏற்கெனவே சொத்து வெச்சிருந்தவங்களுக்கு யோகம். அதே ஊர்ல பிறந்து, சம்பளத்துல வீடு வாங்கணும்னு நினைக்குற பையனுக்கு அது சுமை. விலை ஏறுறது எல்லாருக்கும் நல்ல செய்தி கிடையாது.

நம்ம ஊர் கதை: கோவளம், மாமல்லபுரம்

நம்மகிட்ட பனி இல்ல, அலை இருக்கு. சென்னைக்குத் தெற்க ஈசிஆர்ல இருக்குற கோவளம் ஒரு மீனவ கிராமம். மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர் அலைச்சறுக்கு, அதான் சர்ஃபிங், கத்துக்கிட்டு ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். 2012-ல தொழிலதிபர் அருண் வாசு ஆதரவோட அங்க ஒரு சர்ஃபிங் பள்ளி உருவாச்சு. புகை கூடாது, மது கூடாது, சர்ஃபிங் மட்டும்தான்னு அங்க ஒரு விதி. 2013-ல சர்ஃபிங் திருவிழா ஆரம்பிச்சுது. 2021-ல கோவளம் கடற்கரைக்கு சுத்தம், பாதுகாப்புக்கான சர்வதேச நீலக்கொடி சான்றிதழும் கிடைச்சுது.

கொஞ்சம் தள்ளி மாமல்லபுரம். 1984-லயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த ஊர். சிற்பம், கோயில், ஹோட்டல், நல்ல ரோடு எல்லாம் ஏற்கெனவே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் போட்டிகள் வரிசையா வந்துச்சு:

- 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவுல நடக்க வேண்டியது, உக்ரைன் போரால இங்க வந்துச்சு. சுமார் 4 மாசத்துல ஏற்பாடு பண்ணி முடிச்சாங்க. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துக்கிச்சு. தமிழக அரசு சுமார் 92 கோடி ரூபாய் ஒதுக்குச்சு.
- 2023 ஆகஸ்ட்: உலக சர்ஃப் லீக்கோட தகுதிச் சுற்றுப் போட்டி. அந்த லீக் இந்தியாவுல நடத்தின முதல் போட்டி இதுதான். ஆண்கள், பெண்கள் ரெண்டு பட்டமும் ஜப்பானுக்குப் போச்சு.
- 2025 ஆகஸ்ட்: ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப். இதுல ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். இந்தப் போட்டியில இந்தியாவுக்குக் கிடைச்ச முதல் தனிநபர் பதக்கம் அது.

2026-ல ஜப்பான்ல நடக்குற ஆசிய விளையாட்டுப் போட்டியில முதல்முறையா சர்ஃபிங்கும் இருக்கு. அதனால இந்தக் கரையோட மவுசு குறையற மாதிரி தெரியல.

வெங்கன்ல பார்த்த அதே வரிசைதான் இங்கயும். வழி, விருந்தாளி, திறமை, கடைசியா போட்டி. சரி, இப்ப மேட்டருக்கு வருவோம். காசு எங்க போகுது?

போட்டிக் காசு மூணு விதம்

1. வந்துட்டுப் போற காசு. செஸ் ஒலிம்பியாட் மாதிரி. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும், ஒவ்வொரு தடவையும் வேற நாடு. 2024-ல ஹங்கேரியில புடாபெஸ்ட்டுக்குப் போயிடுச்சு. அணிகள் தங்கினது பெரிய ஹோட்டல்கள்ல. சின்னதா ரூம் வாடகைக்கு விடுறவருக்கு அதுல நேரடிப் பங்கு கம்மி. ரோடு, விளக்கு, ஊருக்குப் பேரு, இதெல்லாம் தங்கும். ஆனா அந்த ரெண்டு வார வியாபாரத்தை நம்பி யாராவது 7 வருஷ லோன் போட்டிருந்தா, மீதி காலத்துக்கு அவர்தான் பொறுப்பு.

2. சீசன் காசு. வருஷா வருஷம் அதே சமயம் வர்றது. நல்ல காசுதான், ஆனா இயற்கையும் சட்டமும் கையெழுத்துப் போட்டாதான் செல்லும். காஷ்மீர்ல குல்மார்க்கைப் பாருங்க. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு அங்க நடக்குது. 2025 பிப்ரவரியில பனி போதலன்னு தள்ளிப்போட்டு, மார்ச்சுலதான் நடந்துச்சு. விளையாடுறவங்களுக்கு அது வெறும் தேதி மாற்றம். ரூம் புக்கிங் வாங்கி, கூடுதல் ஆள் வெச்சு, சரக்கு இறக்கி வெச்ச ஹோட்டல்காரருக்கு அது நஷ்டக் கணக்கு.

3. திறமைக் காசு. இதுதான் நிலைக்கும். போட்டி நடக்காத 11 மாசமும் கோவளத்துப் பையன் சர்ஃபிங் சொல்லிக் கொடுக்கலாம், கரையில உயிர்காப்பாளரா வேலை பாக்கலாம், போர்டு ரிப்பேர் பண்ணலாம், நடுவரா போகலாம். போட்டி வேற ஊருக்குப் போனாலும் திறமை அவன்கிட்டயேதான் இருக்கும். இதுக்கு பத்திரப்பதிவு கிடையாது, ஈ.எம்.ஐ. கிடையாது.

ரூம் கட்டி வாடகைக்கு விடலாமா? கணக்கைப் பாருங்க

இது உதாரணத்துக்குப் போட்ட கணக்கு. உங்க ஊர் நம்பரை வெச்சு மாத்திப் போட்டுக்கோங்க.

வீட்டு மாடியில ரெண்டு ரூம் கட்ட 8 லட்சம் லோன், 11% வட்டி, 7 வருஷம். ஈ.எம்.ஐ. சுமார் 13,700 ரூபாய். வருஷத்துக்கு 1,64,400.

வருமானம்: போட்டி நடக்குற 10 நாள், ரெண்டு ரூம், ஒரு ராத்திரிக்கு 4,000. மொத்தம் 80,000. மத்த நாள்ல சனி, ஞாயிறு மட்டும், அதுலயும் பாதி நாள்தான் நிரம்பும்னு வெச்சா வருஷத்துக்கு 104 ரூம்-ராத்திரி. 1,500 வீதம் 1,56,000. ஆக மொத்தம் 2,36,000.

கரண்ட், துணி சலவை, ஆள் கூலி, ஆப் கமிஷன்னு 35% போச்சுன்னா கையில நிக்குறது 1,53,400. ஈ.எம்.ஐ. 1,64,400. போட்டி நடந்தும் 11,000 கையை விட்டுப் போகுது.

போட்டி நடக்காத வருஷம்? கையில நிக்குறது 1,01,400 மட்டும். 63,000 ரூபாயை வேற எங்கயாவது புரட்டணும். அங்கதான் நகை அடகுக் கடைக்குப் போகுது.

இப்ப அதே குடும்பம் வேற மாதிரி யோசிக்குது. ஒரே ஒரு ரூம். செலவு 4 லட்சம். 1 லட்சம் சேமிப்புல இருந்து, 3 லட்சம் மட்டும் லோன். ஈ.எம்.ஐ. சுமார் 5,140, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 61,700. ஒரு ரூம்தானே, அதனால சனி, ஞாயிறு 104 ராத்திரியில 80 நிரம்புதுன்னு வைங்க. 1,20,000 வரும், செலவு போக 78,000. போட்டியே நடக்கலன்னாலும் 16,000 மிச்சம். போட்டி நடந்தா அந்த 10 நாள்ல செலவு போக இன்னொரு 26,000. அது போனஸ்.

ரெண்டு கணக்குக்கும் வித்தியாசம் ஆசையோட அளவுதான். விதி இதுதான் நண்பர்களே: போட்டி இல்லாத வருஷத்தை வெச்சு ஈ.எம்.ஐ. கணக்குப் போடுங்க. போட்டி வருமானத்தை அசலைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்க.

லோன்தான் வேணும்னா முதல்ல பேங்க்ல முத்ரா திட்டத்தைக் கேளுங்க. 50,000 வரைக்கும் சிசு, 5 லட்சம் வரைக்கும் கிஷோர், 10 லட்சம் வரைக்கும் தருண். 2025 மத்திய பட்ஜெட்ல ஹோம்ஸ்டேக்கும் முத்ரா கடன்னு அறிவிச்சாங்க. கந்து வட்டிக்கு வாங்கி ரூம் கட்டினா, நீங்க கட்டுறது ரூம் இல்ல, வட்டிக்காரருக்கு வீடு.

நிலத்தை வித்து பிளாட் வாங்கலாமா?

இப்ப பெரிய கேள்வி. கொள்ளிடத்துத் தண்ணி பாயுற நிலத்தை வித்து, 20 லட்சத்துக்கு ஈசிஆர் பக்கம் மனை வாங்குறீங்கன்னு வெச்சுக்கோங்க.

முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. அதுக்கே 1.8 லட்சம். ஆக உங்க முதலீடு 21.8 லட்சம். இதே பணம் 7% வட்டியில எஃப்.டி.யில கிடந்தா 5 வருஷத்துல சுமார் 30.6 லட்சம். அதாவது அந்த மனை 5 வருஷத்துல 20-ல இருந்து 30.6 லட்சத்துக்குப் போனாதான் எஃப்.டி.யோட சமம். 50%-க்கு மேல ஏறணும். புரோக்கர் கமிஷன் தனி. நெனச்ச நேரத்துல விக்க ஆள் கிடைக்கணும். எஃப்.டி. அப்படி இல்ல, இன்னைக்கு மதியம் போனா இன்னைக்கே உடைக்கலாம்.

வரி விஷயத்தையும் பாருங்க. நகராட்சி எல்லையில இருந்து சட்டம் சொல்ற தூரத்துக்கு வெளிய இருக்குற கிராம விவசாய நிலத்தை வித்தா, மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா அதை வித்து வாங்குற வீட்டு மனையை பின்னாடி லாபத்துக்கு வித்தா, 2 வருஷத்துக்கு மேல வெச்சிருந்தாலும் 12.5% வரி உண்டு. எஃப்.டி. வட்டிக்கும் உங்க வருமானத்தைப் பொறுத்து வரி இருக்கு, அதையும் மறக்கக்கூடாது. ஆனா வரி இல்லாத சொத்தை விட்டு வரி உள்ள சொத்துக்குப் போறோம்ங்குறது தெரிஞ்சுதான் போகணும்.

அப்புறம் சட்டம். மாமல்லபுரத்துல பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கித்தான் கட்டணும். இது 2010-ல திருத்தின தொல்லியல் சட்டம். கடல் பக்கம்னா கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தனி. "சார், கடல் தெரியுற பிளாட்"னு சொல்லி விக்கிறாங்கன்னா முதல் கேள்வி, "அதுல கட்ட அனுமதி கிடைக்குமா?"ங்கிறதுதான். பட்டா, தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம், இந்த நாலுல ஒண்ணு இல்லன்னாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

சரி, நம்ம திருமானூருக்கு என்ன பாடம்?

நம்மகிட்டயும் ஒரு விளையாட்டு இருக்கு. ஜல்லிக்கட்டு. மதுரைப் பக்கம் அலங்காநல்லூர் கிட்ட கீழக்கரையில 2024 ஜனவரி 24-ல தனி அரங்கமே திறந்துட்டாங்க. திருமானூர் வாடிவாசலுக்கும் கூட்டம் வரும். அன்னைக்கு டீக்கடை, ஹோட்டல், வேன், பந்தல்னு எல்லாருக்கும் வியாபாரம்.

ஆனா 2014 மே 7-ஐ மறக்காதீங்க. உச்ச நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2017 ஜனவரியில சட்டம் கொண்டு வர்ற வரைக்கும் வாடிவாசல் மூடியே கிடந்துச்சு. 2023 மே 18-ல அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும்னு சொன்னதுக்கப்புறம்தான் கேள்வி முழுசா தீர்ந்துச்சு. இடையில காளையை யாரும் பட்டினி போட முடியாதுல்ல? பருத்திக்கொட்டை, தவுடு, பராமரிப்புன்னு செலவு மட்டும் தினமும் நடந்துச்சு. பெருமைக்காக வளக்குறது தப்பே இல்ல. ஆனா அது வீட்டுப் பட்ஜெட்ல செலவுங்கிற பக்கத்துலதான் எழுதணும், வருமானப் பக்கத்துல இல்ல.

இன்னொண்ணு கரைவெட்டி. 2024 ஜனவரியில ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. சுமார் 454 ஹெக்டேர் ஏரி. குளிர்காலத்துல வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி அங்க வருது. "சர்வதேச அங்கீகாரம் வந்துடுச்சு, பக்கத்துல நிலம் வாங்கிப் போடுங்க"ன்னு யாராவது சொன்னா, வெங்கன் வரிசையை வெச்சுக் கேளுங்க: வழி இருக்கா? வருஷம் முழுக்க விருந்தாளி வர்றாங்களா? வந்தா கூட்டிட்டுப் போக உள்ளூர்ல பழகின ஆள் இருக்கா? இந்த மூணுக்கும் பதில் இல்லாம பலகையை மட்டும் பார்த்து காசு போடாதீங்க.

மாறா, அந்தப் பக்கத்து காலேஜ் பசங்க நாலு பேர் பறவை அடையாளம் கத்துக்கிட்டு, ஒரு பைனாகுலர் வாங்கி, வனத்துறை அனுமதியோட வழிகாட்டியா பழகினா? முதலீடு சில ஆயிரம். சீசன் ஊத்திக்கிட்டாலும் நஷ்டம் தாங்கக்கூடியது. கோவளத்துலயும் முதல்ல வந்தது அரங்கம் இல்ல, அலையைத் தெரிஞ்ச ஒரு மனுஷன்.

முடிவெடுக்குறதுக்கு முன்னாடி 5 கேள்வி

1. இந்தப் போட்டி அடுத்த வருஷம் இங்கயே நடக்குமா, வேற ஊருக்குப் போயிடுமா?
2. போட்டி இல்லாத வருஷத்துல என் ஈ.எம்.ஐ. எங்க இருந்து வரும்?
3. 6 மாசக் குடும்பச் செலவு தனியா பேங்க்ல இருக்கா?
4. நான் விக்கப்போற சொத்து இப்ப வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்குது? நெல்லு, கரும்பு, மாட்டுத் தீவனம் எல்லாத்தையும் சேர்த்து எழுதுங்க.
5. வீட்டுல இருக்குற எல்லாரும் சம்மதிச்சாங்களா? முக்கியமா, அந்த நிலத்துல இன்னைக்கும் இறங்கி வேலை பாக்குறவங்க?

அஞ்சாவது கேள்வியை யாரும் எக்ஸெல்ல போடுறதில்ல. ஆனா நிலத்தை வித்த வீட்டுல பின்னாடி வர்ற சண்டை முக்கால்வாசி அந்த இடத்துலதான் ஆரம்பிக்குது.

அஞ்சுக்கும் தெளிவா பதில் இருக்கா? தாராளமா இறங்குங்க. ரெண்டுக்கு பதில் இல்லையா? ஒரு வருஷம் தள்ளிப்போடுங்க. அந்தப் பணத்தை எஃப்.டி.யில போட்டுட்டு, மாமல்லபுரத்துக்கு ஒரு தடவை போட்டி சமயத்துலயும், ஒரு தடவை சாதாரண செவ்வாய்க்கிழமையிலயும் போயிட்டு வாங்க. நீங்க வாங்கப்போறது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான்.

இந்த ரூம் கணக்கையும் மனைக் கணக்கையும் நம்ம சேனல் வீடியோவுல படிப்படியா போட்டுக் காட்டியிருக்கோம். உங்க நம்பரை வெச்சு நீங்களும் போட்டுப் பாருங்க. இது பொதுவான விளக்கம்தான். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அந்த ஃபீஸ் செலவு இல்ல, காப்பீடு.